தண்ணி விடாத வருசம்

பேர் கேட்டதற்கு நர்சரிப் பையன்
இரண்டு தடவை சொன்னான், டபேபுயா.
மூன்றாம் தடவையும் என் வாயில் நிற்கவில்லை.
அறுபது ரூபாய். கறுப்புப் பையில் முழங்கால் உயரக் குச்சி,
விரல் விரித்தாற்போல் காம்புக்கு ஐந்து இலை.
"ஊதுகுழலாட்டம் பூக்குமுங்க, ரோஸ் கலர்ல."
நம்பி வாங்கினேன்.

சோமனூரில் எங்களுக்கு எட்டுத் தறி.
கூலிக்கு நெய்கிறோம்;
பாவும் ஊடையும் ஊரான் வீட்டுது.
தறிக்குடோனுக்கும் கக்கூசுக்கும் நடுவே
சிமெண்டு போடாமல் விட்ட ஒரு முழ இடம்.
அதில் நட்டேன்.

பஞ்சுத் தூசி படியும் இலைகளை
ஷிப்ட் மாறுகிற நேரம் ஹோஸ் பிடித்துக் கழுவுவேன்.
போர்த் தண்ணி உப்பு.
நல்ல தண்ணி வரும் நாளில்
அதற்கென்று ஒரு குடம் தனியாகப் பிடிப்பேன்.
ஆட்டுப் புழுக்கை, டீத்தூள், அரிசி களைந்த தண்ணி.
சீட்டுக் கூரையைத் தாண்டி ஏறியது மரம்.
ஆறு வருசம்.
ஒரு மொட்டு இல்லை.

என்ற வீட்டுக்காரர் நாச்சிமுத்து
எதையும் பைசாவில் பார்க்கிறவர்.
"வேம்பு வெச்சிருந்தா பல்லு வெளக்கவாச்சும் ஆயிருக்கும்."
நான் இன்னொரு குடம் ஊற்றுவேன்.

ஏழாம் வருசம், தை கழிந்து,
கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்தினார்கள்.
நிறுத்தினோம்.
எட்டும் ஒன்றாய் ஓய்ந்தபோது
காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.
எங்கள் வீட்டில் சுவர்க்கடிகாரம் ஓடுவதை
அன்றைக்குத்தான் கேட்டேன்.
பிபின் ஒரிசாவுக்கு ரயில் ஏறிவிட்டான்.
என் வளையல் இரண்டும் கருமத்தம்பட்டி அடகுக்கடைக்கு.
மோட்டார் போடவில்லை.
மரத்துக்கு ஒரு சொட்டு விடவில்லை.
வேண்டுமென்று இல்லை. மறந்தே போனேன்.

ஒருநாள் பார்த்தால் இலையெல்லாம் கொட்டிக் கிடக்கிறது.
செத்துப் போச்சு என்று நினைத்தேன்.
துக்கப்படவும் மனசில் இடமில்லை,
கூட்டித் தள்ளினேன்.

நாற்பத்தாறாம் நாள் காலை
பால் வாங்கக் கதவைத் திறக்கிறேன்.
ஓர் இலை இல்லை. மரம் முழுக்க ரோஸ்.
இருபது வருசமாய்க் காடாத் துணி தவிர
வேறு நிறம் பார்க்காத எங்கள் வாசலில்
ரோஸ்.
சொம்பு கையிலேயே இருந்தது,
பால்காரர் ஹாரன் அடித்து அடித்துப் போய்விட்டார்.

பையனுக்குப் போன் போட்டேன்.
"தண்ணி கொறச்சாத்தானுங்க அது பூக்கும். நான் சொல்லலீங்களா?"
சொல்லவில்லை.

தலையில் வைத்துப் பார்த்தேன்.
வாசமில்லை, அரை மணியில் துவண்டது.
பக்கத்துத் தறி ராமாத்தாளின் ஆடுகள்
உதிர்ந்ததை மேய்ந்து வயிறு நிறைந்தன.
சங்கக் கூட்டத்தில் ஒருத்தர் மைக் பிடித்தார்:
வாடிக் கிடந்தால்தான் பூக்கும்,
அந்த மரத்தைப் பாருங்கள் என்று.
எனக்குக் கோபம் வந்தது.
மரத்துக்கு ஸ்கூல் பீஸ் இல்லை.
அதற்கு யாரும் சொசைட்டியில் கடன் தரவுமில்லை.

கேட்டதில் பாதி கிடைத்தது. தறி ஓடியது.

அடுத்த வாரம் கம்பியில் உரசுகிறதென்று
லைன்மேன் திருமூர்த்தி ஒரு கிளையை வெட்டிப் போட்டார்.
ஃபிட்டர் மாகாளி அதை நகத்தால் கீறிப் பார்த்து
"ரவை நெருக்கமான கட்டைங்க" என்றார்.
அட்டாலியில் ஆடி வரைக்கும் காய்ந்தது.
இழைத்து மூன்றாம் தறிக்குப்
பிக்கிங் ஸ்டிக்காக மாட்டினார்.
கடையில் வாங்குவது மாசத்துக்கு ஒன்று ஒடியும்.
இது தீபாவளி தாண்டியும் அடிக்கிறது,
நாடாவை இக்கட்டிருந்து அக்கட்டுக்கு.

தூக்கத்திலும் அந்தத் தறியின் சத்தம்
எனக்குத் தனியாகத் தெரியும்.

இப்போது மறுபடி தை.
ஷிப்ட் மாறும் நேரம்
கால் பழக்கத்தில் குழாய் வரைக்கும் போகிறேன்.
"என்ன, தண்ணி உடலியா?"
நாச்சிமுத்துதான் கேட்கிறார்,
எந்நாளும் கேட்காதவர்.
குழாயில் வைத்த கையை எடுக்கவும் மனசில்லை,
திறக்கவும் மனசில்லை.
மேலே ஓர் இலை பழுத்திருக்கிறது.